முடிச்சில்லாத வலை பின்னிய அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருஷம் நிறைகிறது. வருஷப் பூசைக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அவரோடு கட்டுமரம் தள்ளியவர்களே, கப்பலில் மூட்டை இறக்கியவர்களே, இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கி முதல் பக்கத்துப் படத்தைப் பார்த்ததும் சிரித்திருப்பீர்கள். படத்தில்கூட அண்ணன் நம்மைப் பார்க்கவில்லை. மடியிலிருக்கும் கம்பளிப் பின்னலின் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். போட்டோ பிடிக்க வந்தவர் மூன்று தரம் கெஞ்சினார். மூன்று தரமும் ஒரே பதில்: "இரு சார், இந்த வரிசை முடியட்டும்."

அண்ணன் பிறந்தது ராயபுரத்துக்கு வடக்கே, அலை வாசல்வரை வந்து போகும் எங்கள் குப்பத்தில். தகப்பனார் வலைக்காரர், தாயார் மீன்கூடை சுமந்தவர். ஐந்து பிள்ளைகளில் மிஞ்சியவர்கள் மூத்தவரான அவரும் கடைசியான நானும். தகப்பனார் படுக்கையில் விழுந்தபோது அண்ணனுக்கு மீசை அரும்பவில்லை. அதற்குள் வீடு அவர் தோளில் ஏறிவிட்டது. துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீள நீள, கரையோரத்து மீன் எங்கோ விலகிப் போக, அவரும் துடுப்பை வைத்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனார். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகள் எழும்போது மேல்தட்டில் நின்று கிரேனுக்குக் கைகாட்டும் வேலை. ஏற்று, நிறுத்து, திருப்பு, இறக்கு. வாய் திறக்காமல் வானத்தையே ஆட்டி வைப்பதுபோல் இருக்கும்.

ஒருநாள் ஒரு கரிக் கப்பலில், வெள்ளைக்காரத் தச்சர் ஒருவர் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டிருந்தார். அண்ணன் பார்த்தார். வலைக்காரர் மகனின் கண்ணுக்கு அது வலைதான். ஆனால் முடிச்சைக் காணோம். நம் வலையில் ஒவ்வொரு கண்ணியும் தன் முடிச்சில் தானே நிற்கும். இதிலோ ஒரு கண்ணி அடுத்ததன் கையைப் பிடித்திருக்கிறது, அது அதற்கடுத்ததன் கையை. நுனியை இழுத்தால் அத்தனையும் ஓடிப்போகும். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"முடிச்சே இல்லாம எப்டிடா நிக்குது?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கென்ன தெரியும்? உடைந்த குடையின் கம்பி இரண்டைக் கல்லில் தீட்டினார். நம் ஊர் வெயில் தாங்காமல் மாலுமிகள் எறிந்த கிழிந்த கம்பளிச் சட்டையைப் பிரித்து நூலாக்கினார். பத்து நாள் பின்னினார், பத்து நாளும் அது அவிழ்ந்தது. பதினோராம் நாள் நின்றது. அன்றைக்குப் பிடித்த பித்து கடைசிவரை தெளியவில்லை. மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே, கிரேன் திரும்பி வருவதற்குள், இடுப்பிலிருந்து கம்பிகள் வெளியே வந்துவிடும்.

"யோவ், நீ கைகாட்றியா, கம்பி ஆட்றியா?" என்று மேலேயிருந்து கத்துவார் கிரேன் ஓட்டிய மஸ்தான் பாய். "மூட்டைய எங்க எறக்கறது, உன் தலைலயா?"

"கொஞ்சம் பொறு பாய். தலைக்குத்தான் தொப்பி பின்னிகினு கீறேன். முடிஞ்சதும் எறக்கு."

படகு நிழலில் வலை பழுது பார்க்கும் ஆட்கள் விடுவார்களா? "இன்னா மாமு, இந்த வலைல இன்னா மாட்டும்? கொசுவா?" என்பார்கள். "குளிரு மாட்டும், நவுரு" என்று கண்ணியைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொல்வார் அண்ணன்.

குளிர் விளையாட்டில்லை என்று எங்களுக்குத் தெரியும். எதிர்வீட்டு இன்னாசி அண்ணன் சீமைக்குப் போகும் கப்பலில் கரி அள்ளும் வேலைக்குப் போனவர். கீழே நெருப்பு, வேர்வையோடு மேலே வந்தால் பனிக்காற்று. இருமிக்கொண்டே திரும்பியவர் ஆறு மாதத்தில் அடங்கிப்போனார். பெரிய யுத்தம் முடிந்து கப்பல்கள் பழையபடி வரத் தொடங்கியபோது, அதே வேலைக்கு நானும் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றேன். அடுத்த அலைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும் மனசு எனக்கு. இன்றும் அது உட்காரவில்லை. அண்ணன் தடுக்கவில்லை. "போ. ஆனா இருமிகினு வராத" என்றார். அவ்வளவுதான். மறுநாளே எனக்காக ஒரு கம்பளிச் சட்டையைத் தொடங்கினார்.

கப்பல் வர மூன்று மாதம் இருந்தது. சட்டை முடிந்தபோது மிஞ்சியது பத்து நாள். கழுத்து மூடி, மணிக்கட்டு மூடி, இடுப்புக்குக் கீழே இறங்கும் சட்டை. மடித்து வைத்துவிட்டு அண்ணன் வேலைக்குப் போனார்.

இங்கேதான் எங்கள் அண்ணி வருகிறார். (அண்ணி, இந்தப் பகுதியை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால் என்னைத் திட்டாதீர்கள்.) கலியாணமாகி ஐந்து மாதம். கணவர் இராப்பகலாகப் பின்னியதற்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை. குப்பத்தில் எந்த வலை புதிதாக முடிந்தாலும் மரப்பட்டை போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து, கழியால் அடித்து, மணலில் உலர்த்துவோம். அப்போதுதான் உப்புத் தண்ணீரில் அழுகாமல் உழைக்கும். அன்று பட்டைக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணி சட்டையை எடுத்துப் போய் உள்ளே போட்டு, ஒரு நல்ல மனைவி அடிக்கவேண்டிய அளவுக்கு அடித்தார்.

அண்ணன் வந்து மணலைப் பார்த்தார். "இன்னாமே இது?"

"தம்பி சட்டதான். புது வலைய பட்ட காச்சாம கடலுக்கு வுடுவாங்களா? முடிச்சு வேற ஒண்ணும் இல்ல. நடுக்கடல்ல அவுந்துகினா?"

"இது யாருக்கு ஆவும்மே? பூனைக்கா?"

மூன்று வயதுக் குழந்தைக்குத்தான் அது பற்றும். பழுப்பாய், தடித்து, ஒரு முழ நீளத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. பிரித்துத் திரும்பப் பின்னலாம் என்று அண்ணன் நுனியைத் தேடினார். நுனியே இல்லை, நூலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான், "போவுது அண்ணா, ஒரு போர்வைய எட்த்துகினு போறேன்" என்றேன். அண்ணனோ எதிரே இன்னாசி அண்ணன் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சட்டையை எடுத்து வாயில் வைத்து ஊதினார். மறுபக்கம் கை வைத்துப் பார்த்தார். இன்னும் பலமாக ஊதினார். ஒரு குவளைத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு மணலில் விழுந்தது.

"டேய்! காத்து பூரலடா! தண்ணி பூரலடா!" என்று கத்தினார். "இந்தாமே, நீ பண்ணதுதான் சரி. நான் பின்னுனதுதான் சின்னது!"

உடனே சாண் போட்டு அளந்தார். மார்புச் சுற்று ஐந்து சாண் மூன்று சாணாகியிருந்தது. அப்படியானால் சுருங்கப் போகிற அளவுக்குச் சேர்த்துப் பெரிதாய்ப் பின்ன வேண்டும். நூல்? மறுநாள் மஸ்தான் பாய் கிரேன்மேலிருந்தே துறைமுகம் முழுக்கச் சொல்லிவிட்டார். சிவப்பு, நீலம், சாம்பல் என்று கிழிந்த காலுறையும் கழுத்துத் துணியும் கோணிப்பையில் வந்து சேர்ந்தன. கைகள்? பெரிய வலையை யாரும் தனியாகப் பின்னுவதில்லை. ஆளுக்கொரு துண்டு பின்னிக் கடைசியில் சேர்ப்பது எங்கள் வழக்கம். கொசு மாட்டுமா என்று கேட்டவர்களில் ஆறு பேர் குடைக்கம்பியோடு வந்து உட்கார்ந்தார்கள். வலைபிடித்த விரல்களுக்குக் கற்றுக்கொள்ள ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. ஏழாம் நாள் துண்டுகளைச் சேர்த்து இரண்டு பேர் தூக்கிப் பிடித்தபோது, தெருவே கூடிச் சிரித்தது.

"யாருக்குப்பா, ஆனைக்கா?"

"உள்ள நாலு பேர் குடித்தனம் பண்ணலாம்!"

எட்டாம் நாள் அண்ணி கொப்பரை முன் நின்றார். அடிக்கும் கழியை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. ஒன்பதாம் நாள் போட்டுப் பார்த்தேன். மார்பு சரி, கழுத்து சரி. இடதுகை மட்டும் விரல்களை விழுங்கிவிட்டுத் தொங்கியது. அந்தத் துண்டைப் பின்னியவர் சூசை மாமா. அவர் பின்னும் வலையும் தளர்வாகத்தான் இருக்கும். பத்தாம் நாள், சித்திரை வெயிலில், கப்பல் ஏணிவரை அதைப் போட்டுக்கொண்டே நடக்க வைத்தார் அண்ணன்.

அதற்குப் பிந்திய அண்ணனின் வாழ்வு நீங்கள் அறிந்தது. மார்கழிப் பனியில் கட்டுமரம் ஏறியவர்களுக்குக் காது மூடும் தொப்பி. கோடையில் இரும்புப்பிடி சுடுகிறதென்று மஸ்தான் பாயின் கிரேனுக்குக் கம்பளி உறை. கோயில் மணிக்கயிற்றுக்குக்கூட ஒன்று. எல்லாம் பெரிதாய்ப் பின்னி, அண்ணி கையால் வேகவைத்தவை. தன் பெண்கள் இருவரையும் கட்டிக்கொடுத்தார். கண் மங்கிய பிறகும் விரல் மங்கவில்லை. ஐப்பசி மழையில் நாலுநாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலை, அண்ணி கையைப் பிடித்தபடி, கஷ்டமில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அந்த நாலுநாளும் வைத்தியரை அழைத்துவந்த மஸ்தான் பாயின் பிள்ளைகளுக்கும், கொட்டும் மழையில் தோள் கொடுத்தவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் கஞ்சி கொண்டுவந்த குப்பத்துப் பெண்களுக்கும், பூசை வைத்த பங்குச் சாமியாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணனுக்கு மட்டும் நான் நன்றி சொன்னதில்லை. ஒருமுறை சொல்லத்தான் வந்தேன். பதினான்கு மாதம் கழித்துக் கப்பலிலிருந்து இறங்கி, வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகளோடு, கிரேனுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்த அவர் முன்னால் நின்று, "அண்ணா" என்று வாய் திறந்தேன்.

"பேசாத. மூச்சு வுடு" என்றார்.

அத்தனை பேர் நடுவில், என் மார்பில் காதை வைத்துக்கொண்டு நின்றார். விட்டேன். "இன்னொண்ணு" என்றார். விட்டேன். கிரேன் நின்றது, மூட்டை அந்தரத்தில் தொங்கியது. வெகுநேரம் கேட்டார். பிறகு நிமிர்ந்து, கண்ணைத் துடைக்காமலே, மேலே பார்த்துக் கத்தினார்:

"பாய்! சுத்தமா கீதுய்யா! எறக்கு!"