தண்ணீர் மேசையில் ஜெசிந்தா அக்கா சொன்னது

ஜெசிந்தா அக்கா இறந்த செய்தி ஜெசிந்தா அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அப்பா கைபேசியை நீட்டி, "நித்தி, இது என்னன்னு படி, கண்ணாடி எங்கயோ வெச்சிட்டேன்" என்றார். நம் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில், யாரோ போட்டிருந்த ஆறு கிலோமீட்டர் படத்துக்கும் அதற்கு இன்னொருவர் போட்ட கட்டை விரலுக்கும் நடுவே, அக்காவின் பெயரில் இரண்டு வரி இருந்தது. "ஜெசிந்தா இன்று அதிகாலை காலமானாள். அடக்கம் எப்போது என்று பிறகு சொல்கிறேன். லியோ." அக்கா வேறு ஏதோ ஒரு ஜெசிந்தாவைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அதே எண்ணிலிருந்து முந்தைய ஞாயிறு வந்த செய்தி மேலே இருந்தது. "பூட்ஸ் கழற்ற இன்னும் பத்து நாள். அதுவரை தண்ணீர் மேசை என் ராஜ்யம். ராணியை வணங்காதவர்களுக்கு ஆரஞ்சு கிடையாது." இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். அப்பா "என்னம்மா, என்னம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

வரும் ஞாயிறு ஏரிக்கரையில் கூடும்போது வாசிப்பதற்காக ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார் பாலாஜி சார். குழுவைத் தொடங்கியவர் கேட்கும்போது மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் எல்லோரும் அக்காவை வருடக்கணக்கில் அறிந்தவர்கள். எனக்கு அவரை ஐந்து மாதமாகத்தான் தெரியும். மூன்று நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, வேதியியல் நோட்டுக்குள் இந்தத் தாளை வைத்து எழுதுகிறேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஏன் என்று படித்தால் தெரியும்.

நான் சேர்ந்தபோது அக்காதான் குழுவில் கடைசியாக ஓடுபவர். மெதுவாக ஓடுவது மட்டும் காரணமில்லை, பேசிக்கொண்டே ஓடுவார். சிறுசேரியில் வேலை, தினமும் கம்பெனி பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, அதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பேசித் தீர்க்கிறேன் என்பார். அவர் கணுக்கால் உடைந்தது ராஜகீழ்ப்பாக்கத்தில், விடிவதற்கு முன்னால், மழைநீர்க் கால்வாயின் மேல் ஆடிக்கொண்டிருந்த ஒரு கான்கிரீட் மூடியில். அன்று அவருக்குப் பக்கத்தில் இருந்தது நான்தான். தரையில் உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்தது, கைக்கடிகாரத்தில் ஓட்டத்தை நிறுத்தியது. "எலும்பு போனா ஒட்டிக்கும். ஆவரேஜ் ஸ்பீடு போனா ஒட்டாதுடி" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது.

மாவுக்கட்டு நான்கு வாரம். பிறகு முழங்கால் வரை ஏறும், பட்டை வைத்த ஒரு பெரிய பூட்ஸ். எலும்பு ஒட்டத் தாமதமாகிறது என்று அதையும் நீட்டித்துக்கொண்டே போனார்கள். வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்காமல் கணவர் லியோ அண்ணாவின் வண்டியில் ஞாயிறு தவறாமல் சிட்லபாக்கம் ஏரிக்கு வந்து, மடக்கு மேசையில் தண்ணீர் கேன், குளுக்கோஸ், வெட்டிய ஆரஞ்சு எல்லாம் பரப்பி உட்கார்ந்துவிடுவார். கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் படிகள் அந்த மேசைக்கு நேர் எதிரே இருக்கின்றன. ஒருநாள் நான் ஓடி முடித்து இறங்கி வந்தபோது அக்கா விரலால் சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார்.

"எத்தன நாளா?"

"என்னதுக்கா?"

"வலது காலு."

"ஒண்ணுமில்லக்கா."

"உன்ன கேக்கல. காலு ஏற்கெனவே சொல்லிடுச்சி. வலிக்கிற காலைத்தான் எல்லாரும் படியில மொதல்ல கீழ வெப்பாங்க, அவங்களுக்கே தெரியாது. ஓடறவங்க பூரா பொய்க்காரங்கடி. எத்தன நாளா?"

மூன்று வாரம் என்றேன். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், விரல் வைத்தால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் உயிர் போகும். இன்னும் மூன்று மாதத்தில் மாவட்டப் போட்டி. அதில் இடம் பிடித்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கலாம் என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அப்பா திட்டுகிறவர் இல்லை. எனக்காக நாலு மணிக்கு எழுந்து, தன் மூட்டு வலியோடு பின்னாலேயே ஓடி வருகிறவர். சொன்னால் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிடுவார். எனக்கு அதுதான் பயம்.

அக்கா அப்பாவைக் கூப்பிட்டார். "சார், எனக்கு இப்போ ஒரு காலுதான் கீது. கேன் தூக்க ஆளில்ல. உங்க பொண்ண ஒரு ஆறு ஞாயிறு எனக்கு விட்டுக் குடுங்க."

"அவளுக்கு டிஸ்ட்ரிக்ட் மீட் வருதேம்மா."

"அதனாலதான் சார் கேக்கறேன். நீங்க ஓட வெக்கற வேகத்துக்கு மீட்டுக்கு முன்னாடியே தேஞ்சிடுவா."

அப்பா சிரித்துவிட்டார். அப்படித்தான் நான் தண்ணீர் மேசைக்கு வந்தேன். நித்தி ஏன் ஓடவில்லை என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். அக்காவுக்கு உதவி என்று சொன்னேன். உண்மையில் அக்காதான் எனக்கு உதவினார். ஒரே நிபந்தனை வைத்தார். "ஆறு வாரத்துல வலி போவலன்னா உங்கப்பா கிட்ட நீயே சொல்லணும், எக்ஸ்ரே எடுக்கணும். அதுவரைக்கும் எங்கயும் ஓடக்கூடாது." சரி என்றேன். ஆனால் பள்ளி மைதானத்தில் புதன்கிழமைகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். இதை அக்காவிடம் சொல்லவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்தால் நீங்கள் எல்லோரும் வேறு மாதிரித் தெரிவீர்கள். பாலாஜி சாரைப் பார்த்து, "வருது பாரு ஷேர் ஆட்டோ, வழியில எல்லாரையும் ஏத்திக்கினு" என்பார் அக்கா. கடைசி வளைவில் மட்டும் வேகமெடுப்பவர்களைக் கண்டால், "போட்டோவுக்கு ஓடறாங்க, தண்ணி அப்பறம் குடு" என்பார். ஆனால் உங்கள் கடைசி ஆள் வந்து சேரும் வரை ஒரு துண்டு ஆரஞ்சு கூட வாயில் போட மாட்டார். ஒருமுறை எல்லோரும் ஓடப் போன பிறகு, "காலு ஒடஞ்சதுகூடப் பரவால்லடி. நான் இல்லாமயும் எல்லாம் நடக்குது பாரு, அதான் பேஜாரா கீது" என்றார். நான் கேனைத் துடைத்தேன்.

இனி எழுதப்போவதைத்தான் நான் கிழித்துக்கொண்டே இருந்தேன்.

ஆறாவது ஞாயிறு. நீங்கள் எல்லோரும் இரண்டாவது சுற்றில் இருந்தீர்கள். அக்கா பூட்ஸின் பட்டைகளைப் பிரித்துக் காலை வெளியே எடுத்தார். "கெண்டைக்கால் ரெண்டு நாளா பிடிச்சி இழுக்குது. அந்த ஐஸ் பாட்டில எடு." நம் குழுவில் யாருக்கு எந்தக் கால் வலித்தாலும் அதுதானே மருந்து. உறைய வைத்த பாட்டில் எடுத்து உருட்டுவோம். பாலாஜி சாருக்கு நானே உருட்டியிருக்கிறேன். அக்காவுக்கும் உருட்டினேன், நன்றாக அழுத்தி. ஒரு கையில் பாட்டில், மறு கையால் காலைப் பிடித்திருந்தேன். பாட்டில் அவ்வளவு குளிர்ச்சி, கால் அவ்வளவு சூடு.

"வீங்கியிருக்குக்கா."

"மாசக்கணக்குல மூடி வெச்சா வீங்காம இன்னாடி செய்யும். அழுத்து."

"டாக்டர் கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா இன்னும் நாலு வாரம் போடும்பாரு. பத்து நாள்ல கழட்டறாங்க, கெடுத்துடாத. லியோவுக்குத் தெரிஞ்சா இன்னிக்கே வண்டியில ஏத்திக்கினு போயிடுவாரு. உன் காலு விஷயம் நான் யார்கிட்டயாச்சும் சொன்னனா? நீயும் சொல்லாத."

சொல்லவில்லை. ஞாயிறும் சொல்லவில்லை, திங்களும் சொல்லவில்லை. வியாழன் ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்தின் வாசலில் லியோ அண்ணா என்னிடம் வந்தார். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். "ஒரு வார்த்த கூட சொல்லல பாப்பா. ஞாயித்துக்கிழம உன்கூடதானே உக்காந்திருந்தா. வலிக்குதுன்னு ஏதாச்சும் சொன்னாளா?"

"இல்லண்ணா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று அப்பாவின் கைபேசியில் தேடிப் படித்தேன். கெண்டைக்காலில் வலி, வீக்கம், சூடு. உடனே மருத்துவரிடம் போக வேண்டும், தேய்த்துவிடக் கூடாது என்று எழுதியிருந்தது. தேடியதை அழித்துவிட்டேன். நான் உருட்டியதால்தான் அது நகர்ந்ததா, உருட்டாமல் இருந்தாலும் நகர்ந்திருக்குமா, எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

எனக்குக் குழப்பமாக இருப்பது அது மட்டுமில்லை. வாயைக் கேட்காதே, காலைக் கேள் என்று சொன்னவர், தன் கால் சொன்னதை ஏன் கேட்கவில்லை? ஓடுகிறவர்கள் எல்லாம் பொய் சொல்கிறவர்கள் என்றபோது தன்னையும் சேர்த்துத்தான் சொன்னாரா? சின்னப் பெண்தானே, சொல்ல மாட்டாள் என்று என்னிடம் சொன்னாரா? அல்லது, தன்னால் சொல்ல முடியாததை இவளாவது போய்ச் சொல்லிவிடுவாள் என்று சொன்னாரா? ஒரு சமயம் முதலாவது சரி என்று தோன்றுகிறது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் இரண்டாவது சரி என்று தோன்றுகிறது. சில நேரம் அவர் மேல் கோபமாக வருகிறது. செத்துப்போனவர் மேல் கோபப்படலாமா என்றும் தெரியவில்லை. கோபம் போனதும் ஐஸ் பாட்டில் பிடித்த கை மட்டும் குளிர்கிறது.

அக்கா பெயர் கொடுத்திருந்த அரை மாரத்தானின் இருபத்தொரு கிலோமீட்டரை ஞாயிறு அன்று எல்லோருமாக ஓடுவோம் என்று பாலாஜி சார் அறிவித்திருக்கிறார். அக்காவுக்கு வந்திருந்த போட்டி எண் அட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக நான் ஓட வேண்டுமாம், கடைசி வாரங்களில் அவர் கூடவே இருந்தவள் என்பதால். அப்பா என் ஷூவைத் துவைத்து மாடியில் காயப் போட்டிருக்கிறார். நேற்று ஏரிக்கரைப் படியில் இறங்கிப் பார்த்தேன். வலது கால்தான் முதலில் போகிறது.

நான் ஓடவில்லை. என் கால் எலும்பில் விரிசல் இருந்தாலும் இருக்கலாம். அக்காவுக்காக ஓடு என்று நீங்கள் அன்பாகத்தான் சொல்வீர்கள், தெரியும். ஆனால் இன்னொரு வலியை மறைத்துக்கொண்டு அவருக்காக ஓட என்னால் முடியாது. அப்பா, காலையில் இந்தத் தாளை முதலில் உங்களிடம் தருவேன். நீங்கள் பேசாமல் உட்கார்ந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பிறகு என்னை லியோ அண்ணா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். மற்றவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கெண்டைக்கால் வலித்து வீங்கிச் சூடாக இருந்தால் பாட்டிலை எடுக்காதீர்கள். யாராவது அப்படி என்னிடம் சொன்னால் நான் சத்தம் போட்டு எல்லோரிடமும் சொல்லிவிடுவேன், என்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை.

லியோ அண்ணா, நீங்கள் கேட்டதற்கு நான் சொன்னது பொய். அக்கா சொன்னார். வலிக்கிறது என்று சொன்னார், உங்களிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னார். பாட்டிலை உருட்டியது நான்தான்.

அன்று நீங்கள் எல்லோரும் படியில் இறங்கும் சத்தம் கேட்டு, அவசரத்தில் வெறும் காலிலேயே பூட்ஸை மாட்டிவிட்டோம். வெளியே கிடந்த காலுறையை யாரும் பார்க்கக் கூடாது என்று என் பைக்குள் திணித்தேன். சாம்பல் நிறம், குதிகாலில் நீல நூலால் ஒரு தையல். அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், துவைக்காமல். அண்ணா, அது உங்கள் வீட்டுப் பொருள். நீங்கள் கேட்டால் தந்துவிடுவேன். கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசையாக இருக்கிறது.