மேப்பிள் மரத்தடித் தேநீர்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ரோவிலில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன யூனிட் வீட்டில் சந்திரகலா தனியாக இருக்கிறாள். முப்பத்தெட்டு வயது. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. யாருடனும் அதிகம் பேசமாட்டாள். மனம் விட்டுப் பேசுவது தன்னோடு வேலை செய்யும் தர்சினி அக்காவிடம் மட்டும்தான்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், தேநீர் குடித்து முடித்ததும் சட்டைக் கையை மடித்துக் காட்டச் சொன்னார்கள். இடது கையில் சின்ன வயதில் எண்ணெய் கொட்டிய தழும்பு இருக்கிறது. அவள் காட்டினாள். பிறகு அவர்களிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. இனி யார் முன்னாலும் அப்படி நிற்பதில்லை என்று முடிவெடுத்தாள். இதெல்லாம் அக்காவுக்கு மட்டும் தெரியும். எனக்கு மலைக்குப் போன அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏப்ரல் கடைசி, இங்கே இலையுதிர் காலம். டண்டினோங் மலையில் இலைகள் சிவந்துவிட்டன, பார்த்து வருவோம் என்று அக்கா அவளையும் என்னையும் கூப்பிட்டார்.

"வேற ஆரும் வருகினமோ?" என்று சந்திரகலா கேட்டாள்.

"இல்லையடி, நாங்கள் மூண்டு பேரும்தான். நல்ல சீலையாக் கட்டு, படம் எடுப்பம்."

காரில் ஒரே பகிடி. "ஊரில இலை கொட்டினால் விளக்குமாறு தேடுவம். இஞ்ச பெற்றோல் எரிச்சுப் போய்ப் பாக்கிறம்," என்றார் அக்கா.

மேப்பிள் மரங்கள் நெருப்புப் பிடித்தது போல நின்றன. சந்திரகலா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

அப்போது ஒரு அம்மாவும், மடிப்புக் கலையாத சேர்ட்டில் அவரின் மகன் முரளிதரனும் வந்தார்கள்.

"அட, நீங்களும் வந்தனீங்களோ?" என்றார் அக்கா. ஆனால் அவர் கூடையிலிருந்து எடுத்து வைத்தது ஐந்து கப்புகள்.

"சந்திரா, நீ ஊத்திக் குடு."

அவள் கப்புகளைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். ஊற்றினாள்.

அந்த அம்மா கப்பை வாங்கிக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார். "பிள்ளை, கைத் தழும்பை நாங்கள் பெரிசா எடுக்கேல்லை. முந்தி வந்தவை சட்டையை மடிக்கச் சொன்னதைத் தர்சினி சொல்லேக்க எனக்கே அழுகை வந்திட்டுது."

முரளிதரன் நிலத்தைப் பார்த்தார்.

"குடியுங்கோ அன்ரி, ஆறப்போகுது," என்று சொல்லிவிட்டு சந்திரகலா பிளாஸ்கை மூடினாள். நேரே காருக்கு நடந்தாள்.

வரும்போது காரோட்டிய அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தவள், திரும்பும்போது பின்சீற்றில் என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"உன்ர நன்மைக்குத்தானே செய்தனான்," என்றார் அக்கா. "சொன்னால் நீ வரமாட்டாய். அவையள் ஒரு குறையும் சொல்லேல்லையே."

"அவையள் சொல்லேல்லை அக்கா. நீங்கள்தான் சொல்லிப்போட்டியள்."

கொஞ்சத் தூரம் போனபின் அக்கா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "அப்ப இனி என்னோட ஒண்டும் கதைக்கமாட்டியோ?"

"வேலை விசயம் கதைப்பன்," என்றாள் சந்திரகலா.