திறக்காத சக்கரம்

என் வீட்டுக்காரருக்குப் படகுத்துறையில் வைத்த பெயர் ‘ஆறட்டும்’. படகை ஏற்றி இழுத்துப்போகும் ட்ரெய்லர்களைப் பழுது பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. தூரத்திலிருந்து வருகிறவர்கள், வந்ததும் வராததுமாக ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் விடப் போவார்கள். இவர் குறுக்கே போய் நிற்பார்.

“சக்கரம் சூடா இருக்குங்க. இப்ப இறக்கினா உப்புத் தண்ணிய உள்ள இழுத்துக்கும், பேரிங் போயிடும். ஆறட்டும்.”

முன்பின் தெரியாதவர்களிடமும் இதே பாட்டுதான். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

கடையில் இவர், இவருடைய தம்பி, நான். வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு. எனக்குத்தான் வாய் இருக்கிறதே. கொழுந்தன் கை வேகக்காரன். அண்ணன் ஒரு சக்கரம் முடிப்பதற்குள் அவன் அடுத்ததற்குப் போயிருப்பான். அவன் செய்ததை இவர் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. கேட்டால், “அவன் கை வேற, என் கை வேறயா?” என்று என்மேல் எரிந்து விழுவார்.

சக்கரத்தின் நடுமூடியைக் கழற்றி, பேரிங்கைக் கழுவி, புது கிரீஸ் அடைத்து மூடுவார்கள். பிறகு மூடியும் சக்கரமும் சேரும் இடத்தில் குறுக்காக ஒரு பெயிண்ட் கோடு. மூடியைக் கழற்றினால் கோடு உடைந்துவிடும். வருஷத்துக்கு ஒரு நிறம் என்று இவர்தான் வழக்கம் வைத்திருந்தார். போன வருஷம் வெள்ளை, இந்த வருஷம் மஞ்சள்.

ஒரு நாள் காலையில் எங்களிடம் வழக்கமாக வரும் ரொட்டிக்கடைக்காரருடைய ட்ரெய்லர் லாரியில் வந்து இறங்கியது. இடது சக்கரம் இல்லை. படகின் ஒரு பக்கம் பிளந்திருந்தது.

“வளைவுல சக்கரம் கழண்டு ஓடிடுச்சு. பின்னாடி வண்டில என் பொண்ணு. மயிரிழைல தப்பிச்சா,” என்றார் அவர். “போன மாசம்தானே இங்க கிரீஸ் வச்சீங்க?”

அது கொழுந்தன் செய்த வேலை.

“சூடு ஆறாம இறக்கினீங்களா?” என்றார் இவர்.

“உங்க பாட்டு எனக்கு மனப்பாடங்க. ஆறின பிறகுதான் இறக்கினேன். உங்க தம்பி மூடியத் திறக்கவே இல்ல, அதான் விஷயம்.”

இவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அவன் அப்படிப்பட்டவன் இல்லைங்க. வலது சக்கரம் இருக்குல்ல? உங்க கண்ணு முன்னாடியே திறந்து காட்டறேன். உள்ள புது கிரீஸ் இருந்தா நீங்க அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“விடுண்ணே, அவரு பதட்டத்துல பேசறாரு,” என்றான் கொழுந்தன்.

“எப்படிடா விடறது? உன்னை ஏமாத்துக்காரன்னு சொல்றாருடா.”

இவர் மண்டியிட்டு மஞ்சள் கோட்டைச் சுரண்டினார். அடியில் வெள்ளைக் கோடு வந்தது. கொஞ்சமும் உடையாத கோடு. கட்டைவிரலால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அப்படியும் நம்பாமல் மூடியைத் தட்டிக் கழற்றினார். கிரீஸ் கறுத்துக் கட்டியாகிக் கிடந்தது, பேரிங் முழுக்கத் துரு.

எழுந்து ரொட்டிக்கடைக்காரரைக் கும்பிட்டார். “குத்தம் எங்களோடதுங்க. உங்க பொண்ணுகிட்டயும் நானே வந்து சொல்றேன்.” பிறகு தம்பி பக்கம் திரும்பினார். “ஏன்டா?”

அவன் தரையைப் பார்த்தான். “வேலை குவிஞ்சு கிடந்துச்சு. நான் செஞ்சதை நீ திறந்து பாக்க மாட்டேன்னு தெரியும்ணே.”

“அவரு நம்பினது உனக்கு வசதியாப் போச்சா?” என்று கத்தினேன். நம்பவைத்துக் கழுத்தை அறுத்தவன், அதையும் இப்படிச் சாதாரணமாகச் சொல்கிறான். இவர் கையைக் காட்டி என்னை அடக்கினார்.

அவனைப் போகச் சொல்லவில்லை, கூடப்பிறந்தவனாயிற்றே. மறுநாள் அவன் முன்னைவிடப் பொறுமையாக ஒரு சக்கரத்தை முடித்து, கோடு போட்டுவிட்டு எழுந்தான். இவர் வந்து அந்த ஈரக் கோட்டின் மேலேயே ஸ்குரூடிரைவரை வைத்து மூடியைக் கழற்றினார். உள்ளே எல்லாம் சுத்தமாக, சரியாகத்தான் இருந்தது.

“பாத்தியாண்ணே,” என்றான் அவன்.

“பாத்தேன்,” என்று சொல்லி மூடியைப் பொருத்தினார். “அடுத்ததை முடிச்சதும் கூப்பிடு. அதையும் பாக்கணும்.”