இடப்பக்கம் திருப்பும்போது மட்டும்

இது நடந்தது. கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை, கற்பனையும் போதாது. விபத்தில் நொறுங்கிய வண்டிகளைப் பிரித்து, எது உடைந்தது, ஏன் உடைந்தது என்று இன்சூரன்ஸுக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. இந்த ஒன்றில் மட்டும் 'ஏன்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டி வாசலில் திரும்பும்போதே, கையிலிருக்கும் டீ கிளாஸைக்கூட வைக்காமல், பழுது எங்கே என்று சொல்லிவிடுவார். சந்தேகமாக இருந்தால் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பாகத்தில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். பேர் கிடைத்ததில் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் 1.20. சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து ஒரு டீச்சர் தன் காரோடு வந்து நின்றார்.

"அண்ணா, லெஃப்ட்ல திருப்பும்போது மட்டும் டொக்னு ஒரு சத்தம்."

காதுக்கு உடனே தெரிந்துவிட்டது. பால் ஜாயின்ட் தேய்ந்து ஆடியது. சக்கரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டே அது திரும்புவதற்கும் இடம்கொடுக்கும் மூட்டு அது. அதை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் இரண்டு மணி நேர வேலை, வயிற்றில் பசி வேறு. ஊசியில் கிரீஸை நிரப்பினார். மூட்டைச் சுற்றியிருந்த ரப்பர் உறையில் குத்தி ஏற்றினார். சத்தம் அடங்கியது. தேய்மானம் அப்படியே இருந்தது.

"ஒண்ணுமில்லையேண்ணா?"

"ஒண்ணுமில்ல டீச்சர். ரப்பர் காஞ்சிருந்துச்சு. தைரியமா ஓட்டுங்க."

பதினோராம் நாள், ஒரு இடப்பக்க வளைவில் சக்கரம் கழன்றது. டீச்சர் அந்த இடத்திலேயே போய்விட்டார். சேதி கேட்டதும் காது அந்த ஊசியைச் சாக்கடையில் எறிந்தார். காதும் காதும் வைத்த மாதிரி விஷயம் முடிந்துபோனது. வருத்தமாக இருந்ததா என்று பிற்பாடு நான் கேட்டேன். "மாட்டிக்குவேனோன்னு பயமா இருந்துச்சு சார்" என்றார். கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது எனக்கு.

ஒரு மாதம் போயிற்று. காதின் மனைவி நர்ஸ். தினமும் தன் வண்டியை எடுத்துக்கொண்டு நாலு மணி ஷிஃப்டுக்குப் போவாள்.

"ஏங்க, வண்டில டொக்னு ஒரு சத்தம் வருது."

"எப்போ?"

"லெஃப்ட்ல திருப்பும்போது மட்டும்."

காது ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் மனைவி திடுக்கிட்டாள். "இதோ... இப்ப!" அவருக்கு மட்டும் கேட்கவில்லை. எதிர்க்கடை பெயின்டர் சத்தம் கேட்டு ரோட்டிலிருந்தே சிரித்தான். "என்னண்ணே, உங்க வண்டிக்கே இந்தக் கதியா?"

ஊர் வண்டியெல்லாம் கேட்ட காதுக்கு, சொந்த வண்டியின் சத்தம் எட்டவில்லை.

வியாழக்கிழமை காலை பிரித்தார். பால் ஜாயின்டில் ஆட்டமே இல்லை. இருந்தும் புதிதாக ஒன்று மாட்டினார். நட்டை இறுக்கி, மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு சொட்டு வைத்தார். இறுக்கியாயிற்று என்பதற்கு அதுதான் அவர் அடையாளம்.

"எனக்கே பத்தல, இதுல வண்டிக்கு வேறயா?" என்று மனைவி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

மதியம் 2.35. வீட்டை ஒட்டிய ஷெட். ஸ்டியரிங்கைத் திருப்ப மனைவியைக் கூப்பிட்டிருந்தார். காது வண்டிக்கு அடியில், குழிக்குள் இறங்கினார். மேலே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஸ்க்ரூடிரைவரை ஜாயின்டில் வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"திருப்பு."

சக்கரம் இடப்பக்கம் திரும்பியது. சத்தமில்லை.

"நேரா... மறுபடியும் லெஃப்ட்."

திரும்பியது. இன்ஜின் ஓடவில்லை. நிற்கும் வண்டியில் ஸ்டியரிங் கல் மாதிரி இருக்கும். மூச்சு வாங்கும் சத்தமாவது மேலிருந்து வர வேண்டும். வரவில்லை. சக்கரம் வழுக்கிக்கொண்டு திரும்பியது...

மேலேயிருந்து மெல்லிய குரல். "ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல" என்றார் சந்தோஷமாக.

மணி 2.41.

"ஏங்க! ஃபோன் பேசி முடிச்சாச்சு. வரட்டுமா?"

மனைவியின் குரல்.

வீட்டுக்குள்ளிருந்து.

காதின் கை நட்டின் மேலேயே நின்றது.

சக்கரம் மெல்ல... மெல்ல... இடப்பக்கம் திரும்பியது.

அலறியடித்து மேலே ஏறினார். சீட்டில் யாருமில்லை. ஸ்டியரிங் முழுதும் இடப்பக்கம் திரும்பி நின்றது.

3.15. மனைவி யூனிஃபார்மில் வந்து சாவியை எடுத்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பாள். டீச்சர் விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும்.

அவர் முகத்தைப் பார்த்து அவள் நின்றாள்.

"ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு வா."

3.32. காது ஷெட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

டொக்.

காதுக்குள்ளேயே கேட்டது. முதல் தடவையாக.

அடுத்து ஃபோன் அடித்தது.

அவள் இரவுவரை உயிரோடிருந்தாள். கடைசியாக அவரிடம் பேசியது இவ்வளவுதான்: "சத்தம் கேட்டுச்சு... நீங்கதான் ஒண்ணுமில்லன்னீங்களேன்னு... திருப்பிட்டேன்."

அந்த வண்டியைப் பிரித்தது நான். உடைந்திருந்த பால் ஜாயின்ட் பழசு. துரு ஏறிப் பல்லிளித்தது. ரப்பர் உறையில் ஒரு ஊசி ஓட்டை, உள்ளே நிறைய கிரீஸ்.

"புதுசு மாட்டினேன்னு பொய் சொல்றீங்க" என்றேன். அவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் டீச்சர் விஷயத்தை முழுதும் சொன்னார்.

டீச்சரின் வண்டி, விபத்துக்குப் பின் கொண்டுவந்த நாளிலிருந்து, போலீஸ் பூட்டிய கொட்டகையில் சீல் வைத்துக் கிடந்தது. அனுமதி வாங்கி, நான்தான் சீலை உடைத்தேன். முன் இடது பக்கம் குனிந்து டார்ச் அடித்தேன்.

உடைந்த ஜாயின்ட் இருக்க வேண்டிய இடத்தில், புத்தம் புதிதாக ஒன்று இருந்தது.

நட்டின் மேல் சிவப்பாக ஒரு சொட்டு.

தொட்டுப் பார்த்தேன்.

இன்னும் காயவில்லை.