எங்கள் வீட்டு வளையும் காக்காவின் காப்புறுதியும்

எங்கள் குடும்பத்தில் பெருவிரலை மையில் அழுத்தாமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். எஸ்.எஸ்.சி. சித்தியடைந்து, தட்டெழுத்துப் பழகி, ஒரு பிரக்கிராசியாரின் சட்டக் கந்தோரில் வேலைக்கும் சேர்ந்த பிறகு, வீட்டில் யாரும் என் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்காமலே சொல்லிவிடுவேன். மண்ணெண்ணெய்ப் போத்தலை வைக்கும் இடம் முதல் தம்பி தலைமயிர் வெட்டும் நாள் வரை எல்லாவற்றிலும் எனக்கொரு தீர்ப்பு இருந்தது. "எங்கட வீட்டு நீதவான் வாறா" என்பார் அம்மா. அதில் பாதி பகிடி, பாதி பெருமை. பெருமைப் பாதியை மட்டும் நான் எடுத்துக்கொள்வேன்.

ஆகவே வீட்டுக் கூரையை மாற்றுவதென்று அப்பா முடிவெடுத்தபோது, நான் சும்மா இருப்பேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

கூரை மாற்றாமல் ஏலாது என்ற நிலைக்கு வந்திருந்தது. கூரையைத் தாங்கும் முகட்டு வளையைக் கறையான் தின்று, அது நடுவில் தொய்ந்து, மாரி மழைக்குக் குசினியில் சட்டிகளைவிட ஒழுக்குக்கு வைத்த பாத்திரங்களே அதிகமாக இருந்தன. சுவரைக் கொஞ்சம் உயர்த்தி, முதிரை மரத்தில் புது வளை போட்டு, புது ஓடு வேய்வதென்று அப்பா தீர்மானித்தார். அவருக்குத் துறைமுகத்தில் கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றுகிற வேலை. கூடவே வேலை செய்கிற ஒருவர்தான் கிண்ணியாவிலிருந்து ஒரு கொந்தராத்துக்காரரைக் கூட்டிவந்தார். அவருடைய ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற முறையில் எங்கள் எல்லாருக்கும் அவர் காக்கா. நெடிய மனிதர். வெற்றிலை வாயோடு சிரிப்பார். காலையில் லாஞ்சில் குடாவைக் கடந்து வந்து இறங்கி, வரும் வழியில் உள்ள எல்லாக் கட்டடங்களையும் குறை சொல்லிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்து சேருவார். அந்தக் கட்டடங்களில் சில அவர் கட்டியவை.

முதல் நாள் கதையெல்லாம் முடிந்து, அம்மா வெற்றிலைத் தட்டை நீட்டியபோது நான் கேட்டேன்.

"காக்கா, உங்கட வேலையாக்களுக்குக் காப்புறுதி இருக்கோ?"

அம்மாவின் கையில் தட்டு அப்படியே நின்றது.

"நல்ல காரியம் கதைக்கேக்க விழுற கதை என்னத்துக்குப் பிள்ளை?"

"விழுந்த பிறகு கதைச்சுப் பிரயோசனம் இல்லை அம்மா."

இது என் சொந்த ஞானம் இல்லை, கந்தோர் ஞானம். அந்த மாதந்தான் ஒரு வழக்குக்குப் பத்திரங்கள் தட்டிக் கொடுத்திருந்தேன். நகரத்தில் ஒரு வீட்டுச் சுவரிலிருந்து கூலியாள் ஒருவர் விழுந்து முதுகு முறிந்து படுத்துவிட்டார். கொந்தராத்துக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார். விழுந்தவரின் மனைவி வீட்டுக்காரர்மேல் வழக்குப் போட்டிருந்தார். இரண்டு பக்கமும் எங்கள் கந்தோர் வாங்கில் ஒரே நாளில் வந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். யார் வழக்காளி, யார் எதிராளி என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாது.

காக்கா வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: "அல்லாஹ்ட காவல் இரிக்கி புள்ள."

"அது இருக்கட்டும் காக்கா. அதுக்கு மேல கந்தோர்க் காவலும் இருக்கோ எண்டு கேட்டனான்."

அப்பா சிரித்துவிட்டார். "காட்டிவிடுங்கோ காக்கா. இல்லாட்டி இது ஒரு கல்லும் வைக்க விடாது."

அடுத்த நாள் காக்கா ஒரு பத்திரத்தோடு வந்தார். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தேன்.

"இது உங்கட லொறிக்கு, காக்கா."

"லொறிதானே புள்ள கல்லக் கொண்டு வாற."

"கல்லு ஆளுக்கு மேல விழுந்தா லொறிக்கு நோகாதே."

ஒத்துக்கொண்டார். மறுநாள் இன்னொன்று வந்தது. அது அவருடைய ஆயுட் காப்புறுதி.

"நான் மௌத்தானா என்ட பொஞ்சாதிக்குக் கிடைக்கும்" என்றார் மிகுந்த திருப்தியோடு.

"நீங்கள் ஏணியில ஏறுறதே இல்லையே காக்கா. ஏறுறவைக்குத்தான் கேக்கிறன்."

"இந்தப் புள்ளைக்கு மாப்புள பாக்கக்குள்ள அந்தாளுக்கும் காப்புறுதி எடுத்து வெய்யுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்குமட்டும் தலையாட்டினார்.

ஆனால் மூன்றாவதாக வந்தது சரியான பத்திரம். அரசாங்க வேலை ஒன்றை எடுப்பதற்காக அவர் கூலியாட்களுக்கென்று செய்திருந்தது, பால்மா ரின்னுக்குள் சுருண்டு கிடந்திருக்கிறது. திகதி முடியவில்லை. தனியார் வீட்டு வேலைக்கும் செல்லும் என்றிருந்தது. நான் அதோடும் விடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓர்ஸ் ஹில் பக்கமாக நடந்து காப்புறுதிக் கந்தோருக்கே போய், கட்டுப்பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்டேன். அங்கேயிருந்த கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுக்காரர் ஒருத்தர் வந்து இதைக் கேக்கிறது இதுதான் முதல் தரம்." அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வேலை தொடங்கியது. அப்பா வேலை முடிந்து வந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் காக்காவின் பின்னால் நிற்பார். சாந்தில் தண்ணி கூடிப்போச்சு, அந்தக் கல் சரிந்து நிற்கிறது, நூல் பிடித்தது காணாது.

"அண்ணன், நான் உங்கட கப்பலுக்கு வந்து பெட்டி அடுக்கிறதப் பத்திச் சொல்றனா?" என்று காக்கா கேட்பார்.

"நீங்கள் வந்தால் சொல்லலாம், காக்கா."

"வரமாட்டன் எண்ட தைரியம்."

சுவர் உயர்ந்து முடிந்த கிழமையில், பின்னேரம் சாப்பிட்டுக்கொண்டே அப்பா சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வளை ஏத்துறம். என்ர ஆக்கள் எல்லாரும் வருவினம்."

நான் பிசைந்த சோற்றைக் கோப்பையிலேயே வைத்தேன்.

துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் வீட்டு முகட்டு வளையைக் கூலிக்கு ஆள் வைத்து ஏற்றுவதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் லீவு நாளில் வந்து, கயிறு கட்டி, தோள் கொடுத்து ஏற்றிவிட்டுச் சாப்பிட்டுப் போவார்கள். வீட்டுக்காரர் சுவரின் உச்சியில் குந்தியிருந்து வளையின் தலையைத் தன் கையால் வாங்கி வைக்க வேண்டும். அப்பா எல்லார் வீட்டுக்கும் போய்த் தோள் கொடுத்தவர். இப்போது அவருடைய முறை.

முந்தின வருசம் அவர் கப்பலின் அடித்தட்டு ஏணியில் சறுக்கி முழங்காலை உடைத்திருந்தார். அது பொருந்திவிட்டது. ஆனால் உயரத்தில் நின்றால் தலை சுற்றுகிறது. ஏணிப் பக்கம் போகக் கூடாதென்று டொக்டர் சொல்லி, கங்காணியும் அவரைக் கப்பலில் ஏறவிடாமல் இறங்குதுறைப் பாலத்தடியிலேயே வைத்திருந்தார். வீட்டுச் சுவருக்கு அந்தச் சட்டம் செல்லாது என்பது அப்பாவின் எண்ணம்.

நான் அவ்வளவு பாடுபட்டுப் பார்த்த பத்திரமோ காக்காவிடம் கூலி வாங்குகிறவர்களுக்கு மட்டும். அன்புக்கு வருகிறவர்களுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. அப்பாவும் அவருடைய கூட்டாளிகளும் விழுந்தால், விழுந்ததுதான்.

"நீங்கள் ஏற வேண்டாம் அப்பா. காக்காவின்ர ஆக்கள் ஏத்தட்டும்."

"என்ர வீட்டு வளையைக் கூலிக்கு ஏத்திப்போட்டு நான் எந்த முகத்தோட வேலைக்குப் போறது? நீ கந்தோர்க் கதையைக் கந்தோரில வை."

அவர் எழுந்து கை கழுவப் போனார். அம்மா என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீ படிச்ச படிப்பில இந்த மனுசனைக் கீழ நிப்பாட்ட ஒரு வழியும் இல்லையோ?" அதில் பகிடிப் பாதி இருக்கவில்லை.

அடுத்த நாளே திரும்பவும் காப்புறுதிக் கந்தோருக்குப் போனேன். என்னைக் கண்டதும் கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு நாளைக்கு மட்டும் வேலைக்குச் சேர்ந்தவரும் இதற்குள் அடங்குவாரா என்று கேட்டேன். "பேருக்கு எண்டால் அடங்காது. உண்மையாக் கூலி குடுக்க வேணும், ஆள் கொந்தராத்துக்காரற்ற சொல்லுக்குக் கீழ வேலை செய்ய வேணும்" என்றார்.

பின்னேரம் காக்காவிடம் விசயத்தைச் சொன்னேன். சாந்துப் பலகைமேல் குந்தியிருந்தவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அப்ப உங்கட வாப்பாவ நான் கூலிக்கு எடுக்கணும்."

"ஓம் காக்கா. அவற்ற கூட்டாளிமாரையும்."

"நான் சொல்ற வேலய அவர் செய்யணும்."

"அதுதான் சட்டம்."

அவர் முகத்தில் சிரிப்பு மெதுவாகப் பரவியது. "நல்ல சட்டம் புள்ள" என்றார்.

அப்பாவைச் சம்மதிக்க வைத்தது நான் அல்ல. சனிக்கிழமை பின்னேரம் கயிறு கொண்டு வந்த கூட்டாளிகள்தான். விசயத்தைக் கேட்டதும் அவர்கள் முற்றத்தில் இருந்து சிரித்தார்கள்.

"உன்ர வீட்டிலயே உனக்கு வேலை கிடைச்சிருக்கு. விட்டுடாத மச்சான்" என்றார் ஒருவர்.

"காக்கா, கூலியோட சாப்பாடும் உண்டோ?" என்றார் வயிறு பெருத்த இன்னொருவர்.

"வந்து தோள் குடுக்கிறதுதான் வழக்கம். காக்கா எங்களுக்கு வெத்திலைக்குக் குடுத்தா வழக்கம் உடைஞ்சு போகுமோ?" என்று மூத்தவர் கேட்டார்.

எல்லாரும் ஒரு பக்கம் நின்றால் அப்பாவுக்கு வேறு வழியில்லை. வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். திங்கட்கிழமை துறைமுகம் முழுவதற்கும் தெரிந்திருந்தது வேறு கதை. ஆனாலும் சுவரில் ஏறப்போவது தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. நானும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஞாயிறு காலை, நல்ல நேரம் பார்த்து அம்மா தேங்காய் உடைத்தார். காக்கா பிஸ்மில்லா சொன்னார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்தார்.

"அண்ணன், எங்க போறீங்க?"

"மேல."

"ஆரு சொன்ன மேல போகச் சொல்லி?"

அப்பா ஏணியில் வைத்த காலை எடுக்காமலே திரும்பினார்.

"காக்கா, இது என்ர வீடு."

"வீடு உங்கடதான். இண்டைக்கு நீங்க என்ட ஆள். மேல என்ட மேசன் இரிக்கான். கீழ சாந்து குழைக்க ஆள் காணாது. வாங்க."

அப்பா கூட்டாளிகளைப் பார்த்தார். அவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கயிற்று முடிச்சுகளில் அக்கறை வந்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் உடைந்த தேங்காயைப் பார்த்தேன். அவர் வாழ்க்கையில் மேலே இருப்பவரோடு வாய்க்குள் சண்டை பிடிப்பாரே தவிர, வேலை நேரத்தில் சொன்னதை மறுத்ததில்லை. அந்தப் பழக்கம் காலில் ஊறியிருந்தது போலும். கால் தானாக இறங்கியது.

காக்கா கெட்டிக்காரர். வளையைக் கயிற்றில் கட்டுமுன், "முதல் தோள் வீட்டுக்காரர்ட" என்று சொல்லி அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா தரையில் நின்றபடி தோளைக் கொடுத்து அதன் தலையைத் தூக்கினார். வழக்கத்துக்கும் குறையில்லாமல் போயிற்று. பிறகு வளை அவரை விட்டு மேலே போனது. அது நடுவழியில் ஆடியபோது, "இடப்பக்கம் இளக்கு" என்று அப்பா கத்தினார்.

"சாந்து" என்றார் காக்கா, திரும்பிப் பார்க்காமலே.

அப்பா மண்வெட்டியை எடுத்தார். மேலே முதிரை வளை தன் இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டபோது மட்டும் நிமிர்ந்து, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தேத்தண்ணி நேரத்தில் அவர் வீட்டுக்குள் வரவில்லை. மணல் குவியலில் மற்றவர்களோடு உட்கார்ந்தார். அம்மா கிளாசை நீட்டியதும் ஒரு மிடறு குடித்துவிட்டு, "வீட்டுக்கார அம்மா, சீனி காணாது" என்றார்.

"கூலிக்கு வந்தவைக்கு இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குள் போனார். நான் உள்ளே போய்ப் பார்த்தபோது, அவர் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வெளியே காக்கா கேட்டுக்கொண்டிருந்தார்: "அண்ணன், பின்னேரமும் நிக்கிறீங்களா? ஓட்டுக்குச் சிலாகை அடிக்கணும்."

"நிக்கிறன்" என்றார் அப்பா. "ஆனா எங்கட நீதவானிட்டக் கேளுங்கோ, என்ர காப்புறுதி பின்னேரமும் செல்லுமோ எண்டு."

"செல்லும் அப்பா" என்றேன் குசினி யன்னலால். "கீழ நிக்கிற வரைக்கும்."