பத்தொன்பதாம் போர்ட்

1. எங்கள் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு தேயிலை ஃபேக்டரிகளிலும், கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுகளின் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது.
2. வழக்கம்போல நேரில் போய் ஒவ்வொன்றாகக் கையால் மாற்றுவதா, குன்னூர் அலுவலகத்தில் இருந்தபடியே, கட்டளைகளை வரிசையாக எழுதித் தானாக ஓடவிடும் ஒரு ஸ்கிரிப்ட்டால் மாற்றுவதா என்று என்னையே முடிவு செய்யச் சொன்னார்கள்.
3. ஸ்கிரிப்ட்டை ஒரே நாளில் எழுதிவிட்டேன்.
4. அதை ஓட்ட ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பது நாளுக்குக் காரணம் அரவேணு ஃபேக்டரியின் எலக்ட்ரீஷியன்.

அங்கே ஸ்விட்ச் சுவரில் உயரத்தில் இருக்கும். நான் போவதற்குள் ஏணியைச் சாத்தி, படிகளைத் துடைத்து வைத்திருப்பார். நான் மேலே லேப்டாப்போடு நிற்க, கேபிள் மாட்டும் துளையான ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் கேபிள் எங்கே போகிறது என்று கீழிருந்து சொல்வார். அதையே அந்தப் போர்ட்டின் பெயராகத் தட்டுவேன். ஆபீஸ். மேனேஜர் ரூம். இலை எடை.

"பத்தொம்பது எங்கீங்க போகுது?" என்று கடைசியாகப் போனபோது கேட்டேன்.

"அது சும்மா கெடக்குதுங்க. நீங்க வந்தா லேப்டாப் மாட்டிக்கன்னு வெச்சிருக்கறனுங்க. வேற ஒருத்தரையும் தொட உடறதில்லீங்க."

ஆங்கில எழுத்தில் 'விருந்தாளி' என்று தட்டினேன். சிரித்துக்கொண்டே அடுத்த வரியையும் தட்டியதில், பன்னிரண்டாம் போர்ட்டை அணைப்பதற்குப் பதில் இருபத்தொன்றை அணைத்துவிட்டேன். அது இலை எடை போடும் இயந்திரத்தின் போர்ட். நான் பிழையைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. அதுவரை பச்சை இலை மூட்டைகளோடு பெண்கள் தூறலில் நின்றார்கள்.

"ஏம்மா, உங்க பொட்டி தூங்கிப்போச்சா?" என்றார் வரிசையில் நின்ற ஒரு அக்கா. "சிரிச்சுக்கிட்டே வேலை செஞ்சா அப்பிடித்தான் தூங்கும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. எலக்ட்ரீஷியன் ஏணியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது, ஸ்கிரிப்ட் எழுதிய எட்டாம் நாள், அவர் போன் செய்தார்.

"ஏனுங்க, இனி எல்லாம் அங்கிருந்தேதானுங்களா?"

"ஆமாங்க. தப்பு வராதுங்க."

"நல்லதுங்க. அப்ப ஏணிய ஸ்டோர்ல குடுத்தர்றனுங்க."

வேண்டாம் என்று சொல்ல வேலை சம்பந்தமாக ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. வேறு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. தூறலில் நின்ற பெண்களையும் மறக்க முடியவில்லை.

மறுநாள் ஸ்கிரிப்ட்டை ஓட்டினேன். மேசை மேலிருந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. 'விருந்தாளி' என்றிருந்த பத்தொன்பதின் பெயர் இப்போது 'பயன்பாட்டில் இல்லை'.

பன்னிரண்டு ஸ்விட்சுகளும் ஒரே மாதிரி, பிழையில்லாமல் இருக்கின்றன. அரவேணு போக ஏறவேண்டிய கோத்தகிரி பஸ் தினமும் எங்கள் அலுவலகத்தைத் தாண்டித்தான் போகிறது. அரவேணுவில் எனக்கு வேலை எதுவும் இல்லை.