அஞ்சம்மாள் குரலைக் கேட்க வைத்தவர்

போன வாரம் மயிலாடுதுறையில் ஒரு விவசாயியைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, வசந்தா அக்கா போய்விட்டார் என்று போன் வந்தது. மாரடைப்பு. முந்தைய நாள்தான் என் பதிவு ஒன்றைக் கேட்டுவிட்டு நன்றாகத் திட்டியிருந்தார். குடவாசலிலிருந்து நாங்கள் நடத்தும் விவசாயப் பாட்காஸ்டைக் கேட்கும் உங்களுக்கு என் குரல் தெரியும். அதை உங்கள் காதுவரை கொண்டுவந்து சேர்த்தவர் அக்காதான். ஒலித்தொகுப்பு முழுவதும் அவர் கைவேலை.

தொடங்கிய புதிதில் எல்லோரும் "ஒண்ணுமே கேக்கலைங்க" என்றுதான் குறைப்பட்டார்கள். நான் சத்தத்தைக் கூட்டினேன்; மின்விசிறி இரைச்சலும் கூடவே ஏறிக்கொண்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இரைச்சலைக் குறைத்து, நாங்கள் உரக்கச் சிரித்த இடங்களைத் தணித்து, பிறகுதான் மொத்தத்தையும் உயர்த்தினார். அதோடு விட்டாரா? ஓடுகிற டிராக்டரில் ஏறி உட்கார்ந்து சாதாரண போனில் போட்டுக் கேட்டார். அங்கே புரிந்தால்தான் வெளியிட விடுவார்.

ஆனாலும் அவரை நினைத்து நான் நெஞ்சை நிமிர்த்துவது அஞ்சம்மாள் விஷயத்தில்தான். ஒரு காலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர், இன்று குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். மழையில் மூழ்கிய சம்பாப் பயிரை அவர் மீட்ட கதையைப் பதிவு செய்தோம். நிலத்துக்காரரும் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவர் குரல் கணீரென்று இருந்தது. அஞ்சம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தை தேறவில்லை. அவர் பங்கை நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பேசுறப்ப கையால வாயப் பொத்திக்கிட்டிருந்தாங்க, பாத்தியா? அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் கெடையாது. பயிரைக் காப்பாத்துனது அவங்க. அவங்கதான் சொல்லணும்."

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நிலத்துக்காரர் மறுபடியும் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவரைப் பகைத்தால் அஞ்சம்மாளின் குத்தகைக்கு வில்லங்கம் வந்துவிடுமோ என்று எனக்கு உதறல்.

"ஐயா, உங்க பேச்சு அன்னைக்கே நல்லா பதிஞ்சிடுச்சு. கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே. மனிதர் எழுந்து போய்விட்டார். அஞ்சம்மாளின் கை இறங்கியது. வடிகாலை வெட்டித் தண்ணீரை இறக்கியதைச் சொல்லத் தொடங்கியவர், நிறுத்தவே இல்லை. அந்தப் பதிவில் சத்தத்தைக் கூட்ட வேண்டியே இருக்கவில்லை. குத்தகையும் அவரிடமேதான் இருக்கிறது.

மைக்கைத் திறக்குமுன் அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது, அக்கா எனக்கு விட்டுப்போனது. நேற்று திருப்பனந்தாளில் ஓர் அம்மாள் வார்த்தைக்கு வார்த்தை கணவர் முகத்தைப் பார்த்தார். கணவரை டீ வாங்கிவர அனுப்பினேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகும் அந்த அம்மாள் பேச்சை நிறுத்தவில்லை.